நடுவில் நின்ற ஊசி

நெஞ்செரிச்சல் மாத்திரையைத் தேடி பேண்ட் பைக்குள் போன இன்னாசிமுத்துவின் விரல்களில் ஒரு துணி தட்டுப்பட்டது. கைக்குட்டை என்று நினைத்தார். ஆனால் கைக்குட்டை மறுபக்கப் பையில் இருந்தது, கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் கழுத்தைத் துடைத்துவிட்டு அங்கே திணித்திருந்தார். இது முரட்டுத் துணி. ஒரு ஓரம் பிசிறு விட்டிருந்தது, மறு ஓரத்தில் ஒரு முடிச்சு. விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது. மனசுக்குத் தெரிய இன்னும் இரண்டு மூன்று விநாடி பிடித்தது, அந்த இரண்டு மூன்று விநாடியும் அவர் நிம்மதியாகத்தான் இருந்தார். வெளியே எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. சிவப்புத் துணி, ஒரு முழ நீளம். ஊரில், விமான நிலையத்துக்குள்ளே, ஓடுபாதையின் ஓரத்தில் இருக்கும் சின்ன அறையின் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்க வேண்டியது. அது சென்னையிலிருந்து ஊர் திரும்பும் மாலை விமானத்தில், பின்னாலிருந்து இரண்டாம் வரிசையில், தன் தொடையின் சூட்டில் கிடக்கிறது என்றால். என்றால் என்ன? அவர் மனம் அந்த வாக்கியத்தை முடிக்காமல் அப்படியே நிறுத்தி வைத்தது. விமானம் அப்போதுதான் மூக்கைத் தாழ்த்தியிருந்தது. விமானி ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் பேசினார்: இறங்கத் தொடங்கிவிட்டோம், இருபது நிமிடம், ஊரில் மேகமும் தூறலும், காற்று மேற்கிலிருந்து. காற்று மேற்கிலிருந்து என்றால் கிழக்கிலிருந்து வந்து இறங்குவார்கள். கிழக்கிலிருந்து இறங்கினால் ஆமைக்கரடு என்ற குன்றைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். மேகமும் இருந்தால் அவருடைய கருவியை நம்பித்தான் இறங்க வேண்டும்.

அவருடைய கருவி என்றுதான் இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் மனைவி ரெஜினாகூட அப்படித்தான் சொல்வாள், உங்க கருவிக்குக் காய்ச்சல் அடிச்சா லீவு போடுவீங்க, எனக்கு அடிச்சா டோலோ போடுன்னுவீங்க என்று. விமானம் மேகத்துக்குள்ளே கண் தெரியாமல் வந்தாலும், ஓடுபாதைக்கு எந்தச் சரிவில் இறங்க வேண்டும் என்று வானத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு போட்டுக்கொடுக்கும் கருவி அது. கோட்டுக்கு மேலே போனால் விமானியின் முன்னால் உள்ள ஊசி கீழே விழும், கீழே போனால் மேலே ஏறும், சரியாக வந்தால் நடுவில் நிற்கும். ஆட்டோ பைலட் அந்த ஊசியைப் பார்த்துத்தான் மூக்கைத் தூக்குகிறது, தாழ்த்துகிறது. வாரம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை காலையில், அந்தக் கருவியைச் சோதிப்பார்கள். சோதிக்கும்போது, மேலே கீழே என்று வித்தியாசம் காட்டும் அலையை மட்டும் வானத்துக்கு அனுப்பாமல் ஒரு பெட்டிக்குள் திருப்பிவிட்டு அங்கேயே சூடாகிச் சாகவிடுவார்கள். மிச்சம் போகிற அலையில் வித்தியாசமே இருக்காது. அந்த நேரத்தில் யாராவது அதைப் பிடித்தால், எவ்வளவு உயரத்தில் இருந்தாலும், எவ்வளவு தாழ்ந்து வந்தாலும், ஊசி நடுவிலேயே நிற்கும். எங்கே இருந்தாலும் சரி, சரி என்று சொல்லும். இப்படிப்பட்ட பொய் வானத்துக்குப் போகக் கூடாது என்பதற்காகவே பக்கத்தில் ஒரு மானிட்டர் உட்கார்ந்திருக்கும், அலையில் ஒரு இம்மி பிசகினாலும் மொத்தத்தையும் அணைத்துவிடும். ஆனால் சோதனை செய்யும்போது அது குறுக்கே வந்து அணைத்துக்கொண்டே இருந்தால் வேலை நடக்காது. அதனால் ஒரு சாவியைத் திருப்பி அதைப் பைபாஸில் போடுவார்கள். காவல்காரனைத் தூங்கச் சொல்வது. வேலை முடிந்ததும் அலையைத் திருப்பி வானத்துக்கு விட வேண்டும், காவல்காரனை எழுப்ப வேண்டும். இரண்டே காரியம், ஒன்றைச் செய்யும் கை அடுத்த நொடியே மற்றதையும் செய்துவிடும். இரண்டையும் இன்று காலையில் செய்தோமா?

செய்திருப்போம், என்று உடனே பதில் வந்தது. செய்யாமல் எப்படி. அவர் கண்ணை மூடினார். சாம்பல் நிறப் பெட்டி, அதன் நடுவில் கறுப்புச் சாவி, தன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதைப் பிடித்து இடமிருந்து வலமாகத் திருப்புவது, 'டொக்' என்று ஒரு சின்னச் சத்தம், சிவப்பு விளக்கு அணைந்து பச்சை. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஐயோ, தெரிகிறதே, இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே என்று மூச்சு விட்டார். ஆனால் அந்தக் காட்சியில் பெட்டிக்கு மேலே சுவரில் வட்டக் கடிகாரம் இருந்தது. வட்டக் கடிகாரம் போன மாதமே விழுந்து உடைந்துவிட்டது. அந்த இடத்தில் இப்போது ஆணி மட்டும்தான். அப்படியானால் இது இன்றைய வெள்ளிக்கிழமை இல்லை. வேறு ஏதோ வெள்ளிக்கிழமை. இருபத்தாறு வருடத்தில் ஆயிரத்துக்கு மேல் வெள்ளிக்கிழமைகள், ஆயிரம் தடவை அந்தச் சாவியைத் திருப்பிய கை, அந்த ஆயிரத்தையும் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறது, இன்றைக்குள்ள ஒன்றை மட்டும் உருவிக் கொடு என்றால் எதையோ கொடுக்கிறது. ஆணியை நினைத்துக்கொண்டு மறுபடி கண்ணை மூடினார். ஆணி வந்தது. சாவி வந்தது. கை வரவில்லை.

பக்கத்து இருக்கைக்காரர் அவர் முழங்கையைத் தட்டி வறுத்த நிலக்கடலைப் பொட்டலத்தை நீட்டினார். தண்டபாணி என்று சென்னையிலேயே கார்டு கொடுத்திருந்தார், தண்ணீர் பம்பு வியாபாரம், ஏறியதிலிருந்து பேசிக்கொண்டே வந்தார். இன்னாசிமுத்து வேண்டாம் என்று தலையசைத்தார். அவர் பயந்திருக்கிறார் என்பது தண்டபாணிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, ஆனால் எதற்கு என்று தெரியவில்லை. "பயப்படாதீங்க சார். இப்பல்லாம் பைலட்டுக்கு என்ன வேல? பட்டனத் தட்டுனா தானா எறங்கிரும். நம்ம பம்பே தண்ணி ரொம்புனா தானா நிக்கிது, இது நிக்காதா?" என்று சொல்லி, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். இன்னாசிமுத்துவும் சிரித்தார். சிரித்த வாய் அப்படியே இழுத்துக்கொண்டது. தானாகத்தான் இறங்கும். அதுதான் பயமே. மனிதன் என்றால் சந்தேகப்படுவான், இதென்ன இவ்வளவு நேரமாக ஊசி அசையவே இல்லை என்று யோசிப்பான். இயந்திரத்துக்கு ஊசி அசையாமல் இருப்பதுதான் சந்தோஷம். சரி, சரி என்று ஒருவன் சொல்லிக்கொண்டே இருந்தால் அது போய்க்கொண்டே இருக்கும், பூமி வரைக்கும்.

ஒழுங்காக யோசிக்க வேண்டும். பயம் வந்தால் ஒழுங்காக யோசிக்க வேண்டும் என்று அவர் மற்றவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறார். காலை ஒன்பதரைக்குச் சோதனை தொடங்கியது. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு ஃபோன் செய்து கருவியை எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னார். சாவியைப் பைபாஸில் போட்டார், அலையைப் பெட்டிக்குள் திருப்பினார். சிவப்புத் துணியை ஜீப்பின் ஸ்டீயரிங்கில் கட்டினார். அந்தத் துணி, உடன் வேலை பார்க்கும் செய்யது இபுராகிமின் ஏற்பாடு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு முறை, பைபாஸை எடுக்க மறந்து ஜீப்பில் பாதி வழி வந்துவிட்டு, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். மறுநாள் இபுராகிம் தன் வீட்டுப் பழைய திரைச்சீலையைக் கிழித்துக் கொண்டுவந்தான். பைபாஸ் போட்டால் இது ஸ்டீயரிங்கில் ஏறும், எடுத்தால் ஆணிக்குப் போகும், துணி ஸ்டீயரிங்கில் இருந்தால் வண்டி நகராது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி. அதற்குப் பிறகு ஒரு தடவைகூடப் பிசகவில்லை. இன்று பத்தேகாலுக்கு இபுராகிம் வந்து, ஓடுபாதையின் மறுகோடி அறைக்குப் போக வேண்டும், ஜும்மா தொழுகைக்குள் முடிக்க வேண்டும், ஜீப் வேண்டும் என்றான். எடுத்துக்கொள் என்றார். அவன் துணியை ஸ்டீயரிங்கிலிருந்து அவிழ்த்து இவர் கையில் வைத்தான். "அண்ணே, இது ஒங்ககிட்டயே இருக்கட்டும். நான் கொண்டு போயிட்டேன்னா அப்புறம் எனக்குத் தொழுகையில இதுதான் நெனப்பு வரும்." சிரித்தார்கள். துணி பைக்குள் போனது. இதுவரை சரியாக ஞாபகம் இருக்கிறது. ஒரு எழுத்துகூடத் தப்பாமல் இருக்கிறது. பத்தே முக்காலுக்குத் தீயணைப்பு நிலையத்துப் பிக்கப் வண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது, பதினொன்றரைக்குச் சென்னை விமானம். கதவைப் பூட்டியது ஞாபகம் இருக்கிறது. பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. நடுவில் உள்ள அரை மணி நேரம்தான்.

நடுவில் ஃபோன் வந்தது. கோபுரத்திலிருந்து மாலினி. "சார், கருவியத் திருப்பிக் குடுத்துட்டீங்களா? ஃப்ளைட் ஒண்ணு வருது." வழக்கமாகக் கோபுரத்தில் ஒரு விளக்குப் பலகை இருக்கும், கருவி பைபாஸில் இருந்தால் அங்கேயே மஞ்சளாக எரியும், கேட்கவே வேண்டியதில்லை. மூன்று வாரமாக அது எரியவில்லை. சாலைக்குக் குழி தோண்டியவர்கள் கம்பியை அறுத்துவிட்டார்கள். அதனால் வாய் வார்த்தைதான். அவர் சொன்னார், "குடுத்தாச்சும்மா." சொன்னது ஞாபகம் இருக்கிறது. பதிவேட்டில் பத்து முப்பத்தெட்டு, மீண்டும் சேவையில், என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவர் எப்போதுமே கொடுத்துவிட்டுச் சொல்கிறவர் இல்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, தனக்குத் தானே இவ்வளவு வெட்டவெளிச்சமாகச் சொல்லிக்கொண்டதும் இல்லை. ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு 'குடுத்தாச்சு' என்று சொல்லிக்கொண்டே சாவியிடம் நடப்பார். வாய் முந்திப் போகும், கை பின்னால் வரும். இரண்டுக்கும் நடுவில் மூன்று விநாடி, நாலு விநாடி. யாருக்கு என்ன நஷ்டம். அங்கே எல்லோரும் அப்படித்தான், கோபுரத்துக்காரர்களுக்கும் அது தெரியும், சார் குடுத்தாச்சுன்னா குடுக்கப்போறாருன்னு அர்த்தம் என்று கேலி பண்ணுவார்கள். இன்று வாய் போனது. பதிவேட்டுப் பேனா போனது. அப்புறம் ஏ.சி.யிலிருந்து சொட்டிய தண்ணீர் வாளி நிரம்பித் தரையில் ஓடுவதைப் பார்த்தார். பெட்டிக்கு அடியில் போய்விடும் என்று வாளியைத் தூக்கினார். வலது கையால் தூக்கினார். அதே வலது கை. வெளியே கொண்டுபோய் அருகம்புல் பக்கம் கொட்டினார். அப்போது பிக்கப் ஹாரன். வாளிக்கு முன்பா, பின்பா? வாளியோடு உள்ளே வந்து அதைச் சொட்டுக்கு அடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது பெட்டியில் எரிந்தது சிவப்பா, பச்சையா? அவர் பெட்டியைப் பார்த்தாரா? தன் சட்டைக் காலரைத்தான் பார்த்தார். கண்ணாடி இல்லாத அறையில் சன்னல் கம்பித் தகட்டில் முகம் பார்த்துக் காலரைச் சரிசெய்தார், ஏனென்றால் சென்னையில் பேச வேண்டும்.

சென்னையில் பேசியதை நினைத்தபோது காது மடல் சூடாகியது. நாலு மாநிலத்து ஆட்கள் உட்கார்ந்திருந்த கூட்டம். ஒரு வருடம் முழுக்க ஒரு பிழையும் இல்லாத நிலையம் என்று அவர் நிலையத்தின் பெயரை வாசித்து, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். அவர் எழுந்து சிவப்புத் துணியைப் பற்றிச் சொன்னார். எங்கள் ஏற்பாடு என்றார். இபுராகிமின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதற்குள் கைதட்டிவிட்டார்கள். துணி ஸ்டீயரிங்கில் இருக்கும் வரை வண்டி நகராது என்று அவர் மேடையில் சொல்லிக்கொண்டிருந்தபோது துணி அவர் தொடையை ஒட்டிக் கிடந்தது. வண்டி எப்போதோ நகர்ந்துவிட்டது. அவர் பையைத் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டிருந்தால் அங்கிருந்தே ஒரு ஃபோன். மத்தியானம் ஒன்று, இரண்டு, மூன்று, எத்தனை மணி நேரம் ஃபோன் கையில் இருந்தது. கோழி பிரியாணி படத்தை ரெஜினாவுக்கு அனுப்பியிருக்கிறார். இப்போது எடுத்துப் பார்த்தார். சிக்னல் இல்லை.

இல்லை, இரு. மூன்று விமானங்கள் இறங்கியிருக்கின்றன. பத்தே முக்காலிலிருந்து இப்போது வரை மூன்று, ஒருவேளை நாலு. கருவி தப்பாக இருந்தால் அவர்கள் கண்டுபிடித்துச் சொல்லியிருப்பார்கள், மாலினி சொல்லியிருப்பாள், இந்நேரம் ஊரே அமளிப்பட்டிருக்கும். அவர் அந்த நினைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதற்குள் அதன் அடிப்பக்கம் கிழிந்தது. காலையில் காற்று கிழக்கு. கிழக்குக் காற்றுக்கு மேற்கிலிருந்து வந்து இறங்குவார்கள். மேற்குப் பக்கம் இந்தக் கருவியே கிடையாது. வெயில் வேறு, கண்ணால் பார்த்தே இறங்கியிருப்பார்கள். மத்தியானத்துக்கு மேல்தான் மேகம் கட்டியிருக்கிறது, காற்று திரும்பியிருக்கிறது. மேகத்துக்குள்ளிருந்து, கிழக்கிலிருந்து, அந்த ஊசியை நம்பி வரும் முதல் விமானம் இதுதான். அவர் உட்கார்ந்திருக்கும் இதே விமானம். இதில் ஏதோ ஒரு நியாயம்கூட இருப்பதுபோல் தோன்றியது. ஆனால் முன்வரிசையில் தூங்கும் குழந்தையின் தலை இருக்கைகளுக்கு நடுவில் தெரிந்தது, இரண்டு பக்கமும் ரிப்பன், அந்தத் தலைக்கு இந்த நியாயத்தில் என்ன இருக்கிறது. மொத்தம் எழுபது இருக்கை, நிறைந்த விமானம்.

விமானிகள் பார்ப்பார்கள். மைலுக்கு முந்நூறு அடி, பத்து மைலில் மூவாயிரம் அடி, எட்டில் இரண்டாயிரத்து நானூறு. ஊசி என்ன சொன்னாலும் இந்தக் கணக்கை ஒரு தடவை ஒத்துப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டும். அவரும் பதிவேட்டில் எழுதுமுன் விளக்கு பச்சையா என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுத்தான் எழுதினார் என்று அந்தப் பதிவேட்டைப் படிக்கிற எவனும் நினைப்பான். பார்ப்பார்கள் என்று அவர் அவர்களை நம்புகிறார். கொடுத்தாச்சு என்று அவர்கள் அவரை நம்புகிறார்கள்.

சீட் பெல்ட் விளக்கு எரிந்தது. பணிப்பெண் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மார்பில் ஷெர்லின் என்று பெயர்ப் பட்டை, ஏறும்போது யாரிடமோ பேசியதைக் கேட்டு நாகர்கோவில் பக்கம் என்று கணித்திருந்தார். இதுதான் நேரம். இப்போது சொன்னால் நிதானமாகச் சொல்லலாம், அவளும் நிதானமாகக் கேட்பாள். வாக்கியத்தைத் தயார் செய்தார். ஒரு சின்ன விஷயம், நான் இந்தத் துறையில் இருப்பவன், ஒருவேளை, ஒருவேளை என்றுதான் சொல்கிறேன். சரி, ஒருவேளை இல்லாவிட்டால்? சாவி ஒழுங்காக வலப்பக்கம் திரும்பியிருந்தால்? பிழையில்லாத நிலையத்தின் தலைமைப் பொறியாளர், மேடையில் பேசிவிட்டு வந்த அன்றே, நடுவானில் எழுந்து, நான் மறந்துவிட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது என்று சொன்னாராம். விசாரணை வரும். சிரிப்பார்கள். மூளை கலங்கிவிட்டது என்று மருத்துவரிடம் அனுப்புவார்கள். இன்னும் நாலு வருடத்தில் ஓய்வு. எரிவாயு அடுப்பை அணைத்தேனா என்று ரெஜினா பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பிப் போய்ப் பார்ப்பாள், அணைத்துத்தான் இருக்கும், அவர் எத்தனை தடவை அதைச் சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஷெர்லின் அவர் வரிசைக்கு வந்து குனிந்தாள். முகம் வேர்த்திருக்கே சார், ஒண்ணும் செய்யுதா என்று கேட்டாள். அவர் தண்ணீர் கேட்டார். தண்ணீர்தான் கேட்டார். அவள் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும் வரை நின்று, கப்பை வாங்கிக்கொண்டு போனாள். அவர் பின்னால் இரண்டடி தள்ளித்தான் அவள் இருக்கை, சுவரில் மடித்து வைத்தது. அதை இறக்கி உட்கார்ந்து பெல்ட் போடும் சத்தம் கேட்டது.

சன்னலில் வெள்ளை வந்து ஒட்டியது. இறக்கை பாதிக்கு மேல் தெரியவில்லை. எஞ்சின் விசிறியின் இரைச்சல் மட்டும் ஒரே சுருதியில். விமானம் அசைந்து குலுங்கி, பிறகு ஏதோ ஒன்றில் பொருந்திக்கொண்டதுபோல் அமைதியாகியது. அந்த அமைதி அவருக்குத் தெரியும். ஆட்டோ பைலட் கோட்டைப் பிடித்துவிட்டது. ஆனால் இவ்வளவு சீக்கிரமாகவா? கோட்டுக்குக் கீழே சமமாகக் கொஞ்ச நேரம் பறந்து, கோடு மேலேயிருந்து இறங்கி வந்து சேர்ந்ததும்தான் பிடிக்கும். இங்கே சமமாகப் பறக்கவே இல்லை. இறங்கிக்கொண்டே இருந்தபோதே பிடித்துவிட்டது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நாலு நாற்பத்தேழு. எதையும் நிரூபிக்காது. காற்றாக இருக்கலாம். பயந்தவனுக்கு எல்லாமே சாட்சி. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தம்பி ஃபோன் செய்தான், எங்கேடா இருக்கே என்று. கிளம்பிட்டேன் என்றார். கருவி அறையில்தான் நின்றுகொண்டிருந்தார், கையில் மீட்டர். கிளம்பிட்டானாம்மா என்று தம்பி அம்மாவிடம் சொன்னது ஃபோனிலேயே கேட்டது. அம்மா கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தாளாம், வழியிலதான இருக்கான், வந்துருவான் என்று சொல்லிக்கொண்டு இருந்தாளாம். அவர் உண்மையில் கிளம்ப இருபது நிமிடம் ஆனது. போய்ச் சேர்ந்தபோது வாயைக் கட்டியிருந்தார்கள். தம்பி அதைப் பற்றி இன்றுவரை கேட்டதில்லை. கேட்டிருந்தால் டிராஃபிக் என்று சொல்லியிருப்பார். மூன்று விநாடி என்று நினைத்துக்கொண்டு சொல்வதுதான். வாய்க்கும் கைக்கும் நடுவில் என்ன வந்து விழும் என்று யாருக்குத் தெரியும். அன்று ஒரு மீட்டர். இன்று ஒரு வாளித் தண்ணீர்.

தண்டபாணி சன்னல் பக்கம் சாய்ந்து, ஒண்ணும் தெரியலியே சார், பஞ்சு மூட்டைக்குள்ள போற மாதிரி இருக்கு என்றார். கீழே சக்கரங்கள் இறங்கும் சத்தம், தரைக்கு அடியில் யாரோ கட்டிலை இழுப்பதுபோல. அப்போது மேகம் கிழிந்தது. ஒரு மூச்சு நேரம்தான். கீழே கல்குவாரி, பச்சைத் தண்ணீர் தேங்கிய பெரிய குழி, அதன் விளிம்பில் ஒரு லாரி. மாதம் ஒரு முறையாவது இதே சன்னலிலிருந்து இதே குழியைப் பார்த்திருக்கிறார். ஓடுபாதையிலிருந்து எட்டு மைல். வழக்கமான உயரத்திலிருந்து லாரி தீப்பெட்டி அளவு தெரியும், நிறம்கூடத் தெரியாது. இப்போது லாரியின் மேல் போட்டிருந்த நீலத் தார்ப்பாய் தெரிந்தது. தார்ப்பாயைக் கட்டிய கயிறு தெரிந்தது. கயிறு தெரியக் கூடாது. மறுபடி வெள்ளை மூடிக்கொண்டது. அடுத்த மைலில் ஆமைக்கரடு, அதன் உச்சியில் செல்ஃபோன் கோபுரம். விமானம் கரட்டை நோக்கி அமைதியாக, ஒரு குலுக்கல்கூட இல்லாமல், சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

அவர் எதையும் முடிவு செய்யவில்லை. ஒருவேளை என்பதற்கும் நிச்சயம் என்பதற்கும் நடுவில் எந்த வார்த்தையைப் போடுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். அதற்குள் பெல்ட் கழன்றிருந்தது. அவர் கைதான் கழற்றியிருக்கிறது. இந்தத் தடவை கை முந்திவிட்டது. எழுந்தார். தண்டபாணி சட்டையைப் பிடித்து இழுத்து, சார் உக்காருங்க, உக்காருங்க என்றார். இரண்டடி. ஷெர்லின் தன் இருக்கையிலிருந்தே உள்ளங்கையைக் காட்டித் தடுத்தாள்.

"இப்ப எழும்பக் கூடாது சார். போய் இருங்க."

"கேப்டன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இப்பம் கேப்டன்ட்ட பேசக் கூடாது சார். ஆபத்துன்னா மட்டும்தான் பேசலாம்."

"ஆபத்துதான்." அவருக்கே கேட்காத குரலில் வந்தது. இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னார். "ஆபத்துதான்மா. கீழ கருவி தப்பா இருக்கு. ஊசிய நம்ப வேண்டாம்னு சொல்லுங்க. ஒசரத்தையும் தூரத்தையும் ஒத்துப் பாக்கச் சொல்லுங்க. இப்பவே."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். குடித்துவிட்டு எழுந்து நிற்பவர்களை, பயத்தில் அழுபவர்களை அவள் பார்த்திருப்பாள், இவர் எதில் சேர்த்தி என்று பார்த்தாள். "நீங்க யாரு சார்?"

துறையில் இருப்பவன் என்று சொல்லலாம். பொறியாளர் என்று சொல்லலாம். அவற்றில் எதைச் சொன்னாலும் அவள் ஒரு விநாடி யோசிப்பாள், ஒருவேளை என்று சொன்னால் இரண்டு விநாடி.

"அந்த ஊசிக்கு அலை அனுப்புறவன் நான்தான். காலையில சோதிச்சுட்டு, திருப்பி வைக்காம வந்துட்டேன். வச்சுட்டேன்னு பொய் சொல்லிட்டேன்."

அவள் கை சுவரிலிருந்த ஃபோனை எடுத்தது. பொத்தானை அழுத்திவிட்டு, அவரிடமிருந்து கண்ணை எடுக்காமல், ஆங்கிலத்தில் நாலே வாக்கியம் சொன்னாள். அவர் சொன்னதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல். பொய் என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிட்டாள். பதில் வந்ததா என்று தெரியவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. விசிறி அதே சுருதி. அவர் நின்றுகொண்டே இருந்தார். சுவரில் ஒரு திருகாணி பாதி கழன்றிருந்தது, அதைப் பார்த்தார். அதை யாராவது முடுக்க வேண்டும் என்று நினைத்தார். ஒரு விநாடி. இன்னொன்று. கரடு இப்போது எவ்வளவு தூரம். ரிப்பன் தலை அசையவில்லை. தூங்கட்டும். தெரியாமலே இருக்கட்டும்.

இரைச்சல் எழுந்தது. தரை அவர் பாதத்தை மேலே தள்ளியது. முழங்கால் மடங்கி நடைவழியில் உட்கார்ந்துவிட்டார், ஷெர்லின் அவர் சட்டைத் தோளைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். மூக்கு தூக்கி, எல்லாம் பின்னால் சாய, எங்கோ ஒரு பை உருண்டது, ஒரு பெண் மாதாவே மாதாவே என்றாள். குழந்தை எழுந்து அழுதது. தண்டபாணியின் நிலக்கடலைகள் நடைவழியில் பின்னோக்கி உருண்டு வந்து அவர் தொடையில் மோதின. சன்னல் வெள்ளை சாம்பலாகி, மறுபடி வெள்ளையாகி, பிறகு சட்டென்று மாலை வெயில் அவர் முகத்தில் அடித்தது. மேகம் கீழே போய்விட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவர் அழுகிறாரா என்று தொட்டுப் பார்த்தார். இல்லை, வேர்வை.

ஃபோன் ஒலித்தது. ஷெர்லின் கேட்டாள், ம் ம் என்றாள், வைத்தாள்.

"ரெண்டு பேரும் ஒத்துப் பாத்தாங்களாம். எண்ணூறு அடி கீழ இருந்துருக்கு." "இப்பம் இவ்ளோ மேல வந்தாச்சு சார். இன்னும் அந்த ஊசி நடுவுலயே நிக்கிதாம்."

நடுவிலேயே நிற்கிறது. அவருக்கு இப்போது சாவி தெரிந்தது, ஆணிக்குக் கீழே, இடப்பக்கம் சாய்ந்து, மேலே சிவப்பு விளக்கு. காலையிலிருந்து, வாளி இருந்த அறையில், பூட்டிய கதவுக்குள்ளே, யாரும் பார்க்காமல் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. வேறு வழியாகச் சுற்றி, மேகம் விலகும் வரை காத்து, மேற்கிலிருந்து கண்ணால் பார்த்து இறங்கப் போவதாக விமானி அறிவித்தார். ஏன் மேலே ஏறினோம் என்று சொல்லவில்லை, வானிலை என்றுதான் சொன்னார். ஷெர்லின் அவரைக் கைப்பிடித்து எழுப்பி இருக்கையில் உட்காரவைத்து பெல்ட்டை இழுத்து மாட்டினாள், ஒரு குழந்தைக்கு மாட்டுவதுபோல. தண்டபாணி நகர்ந்து இடம் விட்டார். அவருக்குக் கேட்டிருந்தது, எல்லாம் கேட்டிருந்தது. காலிப் பொட்டலத்தைக் கசக்கினார். பிறகு, முகத்தைப் பார்க்காமல், "எறங்குனதும் ஒங்கள சும்மா விடுவாங்களா சார்?" என்று கேட்டார். விடமாட்டார்கள் என்றார் இன்னாசிமுத்து. விடக் கூடாது என்று சொல்ல நினைத்து, அது பெரிய வார்த்தையாகத் தோன்றியதால் விட்டுவிட்டார்.

விமானம் அகலமாக வட்டமடித்தது. ஷெர்லின் மறுபடி வந்து, கேப்டன் உங்க பேரையும் விவரத்தையும் எழுதிக் கேட்கிறார் என்று சொல்லி, வேறு தாள் இல்லாததால் முன்னிருக்கைப் பையிலிருந்த வாந்தி எடுக்கும் காகிதப் பையை உருவிக் கொடுத்தாள். பேனாவுக்காகச் சட்டைப் பையைத் தடவினார், இல்லை. பேண்ட் பையில் கைவிட்டார். துணிதான் வந்தது. முதல் முறையாக அதை வெளியே எடுத்தார். வெயிலில் அது அவ்வளவு சிவப்பாக இல்லை, வெளுத்து, ஓரத்தில் இபுராகிம் வீட்டுத் திரைச்சீலையின் பூ ஒன்று பாதி தெரிந்தது. அதை முன்னிருக்கையின் கைப்பிடியில் சுற்றி முடிச்சுப் போட்டார். தண்டபாணி தன் பேனாவைத் திறந்து நீட்டினார். காகிதப் பையைத் தொடையில் வைத்து நீவி, இருபத்தாறு வருடமாகப் பதிவேட்டில் எழுதுவதுபோலவே, முதலில் தேதியைப் போட்டார். நேரம் நாலு ஐம்பத்தெட்டு. பிறகு கருவியின் பெயர். நிலை என்ற இடத்தில் ஒரு கணம் நின்றார். காலையில் பத்து முப்பத்தெட்டுக்கு எழுதியதை அடித்துத் திருத்த முடியாது, அந்தப் பதிவேடு இங்கே இல்லை. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, யார் வாசித்தாலும் புரியும்படி எழுதினார்: கொடுக்கவில்லை. அதற்குக் கீழே, துணி செ. இபுராகிமின் ஏற்பாடு, என்னுடையது அல்ல. அதற்கும் கீழே தன் பெயரை முழுதாக எழுதி, எழுதியதை ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு, பிறகு கையெழுத்துப் போட்டார்.